கேம் ஓடவில்லையா? பார்மட் செய்யும் முன் டிரைவரைப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் வாரத்திலேயே நடக்கும் காட்சி இது. ஆசையாக ஒரு கேமை இன்ஸ்டால் செய்கிறோம். அதன் ஐகானில் இருமுறை கிளிக் செய்கிறோம். திரை ஒரு நொடி கறுப்பாகிறது. பிறகு ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி வருகிறது. சில சமயம் அதுகூட இல்லாமல், ஒன்றுமே நடக்காததுபோல் டெஸ்க்டாப்புக்கே திரும்பி வந்து நிற்கிறது. உடனே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "வைரஸாக இருக்கும்" என்பார் ஒருவர். "கார்டு போயிடுச்சு, மாத்தணும்" என்பார் இன்னொருவர். "பார்மட் பண்ணிடு, எல்லாம் சரியாயிடும்" என்பார் மூன்றாமவர்.

பல சமயங்களில் இவை மூன்றும் காரணமாக இருப்பதில்லை. கிராபிக்ஸ் டிரைவர் என்ற சாப்ட்வேர் இல்லாமல் இருக்கும். அல்லது பழையதாக, தவறானதாக இருக்கும். பணம் செலவழிக்காமல், ஒரு மணி நேரத்திற்குள் வீட்டிலேயே சரி செய்துவிடக் கூடிய கோளாறு இது. இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

2016ல் நான் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மளிகைக் கடை. கடன் கணக்கை எழுதி வைக்க, தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார். விண்டோஸ் 7 சிஸ்டம். தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டும் உள்ளே இருந்தது. நான்தான் அவருக்கு எக்செல் சொல்லிக் கொடுத்தேன். நான்கு மாதமாக யார் எவ்வளவு பாக்கி என்பதை ஒரு விரலால் தட்டித் தட்டி அதில் ஏற்றி வந்தார்.

ஒரு நாள் நான் ஒரு கார் ரேஸ் கேமைப் போட்டேன். பொருத்தமான கிராபிக்ஸ் சாதனம் இல்லை என்று செய்தி வந்தது. செய்தியை முழுதாகக்கூடப் படிக்காமல், விடுதி நண்பன் சொன்னபடி சி டிரைவை பார்மட் செய்து விண்டோஸை மீண்டும் பதிந்தேன். அப்பாவின் கணக்கு டி டிரைவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது டெஸ்க்டாப்பில் இருந்தது. டெஸ்க்டாப்பில் வைக்கும் பைல்கள் எல்லாம் சி டிரைவில்தான் இருக்கும் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

பார்மட் முடிந்து கேமைப் போட்டால், அதே செய்தி. காரணம் மிக எளிது. அந்தக் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் டிரைவர் ஆரம்பத்திலிருந்தே இல்லை. எங்களுக்கு விற்றவர் விண்டோஸை மட்டும் புதிதாகப் பதிந்து கொடுத்திருந்தார். திரையில் எழுத்துகள் பெரிதாகவும் சற்று மங்கலாகவும் தெரிந்தது அதனால்தான். பழைய மானிட்டர், அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் பழகியிருந்தோம். இல்லாத டிரைவரை பார்மட் எப்படிக் கொண்டுவரும்? மறுநாள் பென் டிரைவில் டிரைவரை டவுன்லோட் செய்து வந்து பதிந்தேன். இருபது நிமிட வேலை. கேம் ஓடியது. கணக்குதான் திரும்பி வரவில்லை.

அப்பா திட்டவில்லை. பழைய நோட்டில் இருந்ததைப் பார்த்து எழுதினார். நோட்டில் இல்லாத கணக்குக்கு, வாடிக்கையாளர்களிடம் அவரே போய், "நீங்க எவ்வளவு தரணும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அதனால் இந்தக் கட்டுரையில் உள்ள படிகளை வரிசையாகச் செய்யுங்கள். பார்மட் இந்த வரிசையில் கடைசியில்தான் வருகிறது.

டிரைவர் என்றால் என்ன?

கேம் புரோகிராம் கிராபிக்ஸ் கார்டுடன் நேரடியாகப் பேசுவதில்லை. "இந்த இடத்தில் ஒரு மரம், அதன் மேல் இந்த வெளிச்சம்" என்று டைரக்ட் எக்ஸ், வல்கன் போன்ற ஒரு பொது மொழியில் சொல்கிறது. டைரக்ட் எக்ஸ் 1995 முதல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வழங்கி வருவது. வல்கன் 2016ல் வெளிவந்தது. இந்தப் பொது மொழியில் வரும் கட்டளையை, உங்கள் கார்டுக்கு மட்டுமே புரியும் கட்டளையாக மாற்றித் தருவதுதான் டிரைவரின் வேலை. ஒவ்வொரு கார்டின் உள்ளமைப்பும் வேறு. எனவே அதைத் தயாரித்த நிறுவனம்தான் அதற்கான டிரைவரையும் எழுதித் தர வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இன்டெல், என்விடியா, ஏ.எம்.டி. ஆகிய மூன்று நிறுவனங்களின் கிராபிக்ஸ்தான்.

சரியான டிரைவர் இல்லாவிட்டாலும் திரையில் படம் தெரியும். விண்டோஸ் தன்னிடம் உள்ள ஒரு பொதுவான டிரைவரை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். கடிதம் தட்டச்சு செய்யவும் இணையம் பார்க்கவும் அது போதும். கார்டின் முப்பரிமாணத் திறனை அதனால் பயன்படுத்த முடியாது. "எல்லாம் நன்றாக ஓடுகிறது, கேம் மட்டும் ஓடவில்லை" என்று பலர் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

படி 1: செய்தியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

பிழைச் செய்தி வந்ததும் ஓகே தட்டி மூடிவிடாதீர்கள். மொபைல் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தியிலேயே பாதி விடை இருக்கும்.

* ஏதோ ஒரு டி.எல்.எல். பைல் காணவில்லை என்று வந்தால், பெரும்பாலும் கேமுக்குத் துணையான பைல்கள் இல்லை என்று பொருள். படி 6க்குச் செல்லவும்.

* டைரக்ட் எக்ஸ் 11 அல்லது 12 பீச்சர் லெவல் தேவை என்று வந்தால், டிரைவர் இல்லை. அல்லது கார்டுக்கு அந்தத் திறன் இல்லை. படி 2, 3 இரண்டையும் பார்க்கவும்.

* டிஸ்ப்ளே டிரைவர் செயல்படாமல் நின்று மீண்டும் இயங்கியது என்று வந்தால், டிரைவர் இருக்கிறது, நடுவில் திணறுகிறது. கார்டு ஏறத்தாழ 2 விநாடிகளுக்குப் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை ரீசெட் செய்துவிடும். அப்போது வரும் செய்தி இது. படி 5ஐப் பார்க்கவும்.

* செய்தி எதுவும் இல்லாமல் பத்து நிமிடம் விளையாடிய பிறகு கம்ப்யூட்டரே அணைந்து போனால், டிரைவரைவிட வெப்பத்தையும் மின்சாரத்தையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கேபினட்டின் தூசியைச் சுத்தம் செய்து, விசிறிகள் சுற்றுகின்றனவா என்று பாருங்கள்.

படி 2: உங்கள் கார்டு எது?

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் முதலில் பின்பக்கம் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில் உள்ள இடத்தில்தான் செருகப்பட்டிருக்க வேண்டும். மதர்போர்டில் உள்ள இடத்தில் செருகியிருந்தால், விலை கொடுத்து வாங்கிய கார்டு பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். கேபிளை மாற்றும் முன் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிடுங்கள்.

அடுத்து, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் டிவைஸ் மேனேஜரைத் தேர்ந்தெடுக்கவும். அதில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரியின் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைக் கிளிக் செய்தால், கார்டின் பெயர் தெரியும். அங்கே கவனிக்க வேண்டியவை இவை.

* இன்டெல், என்விடியா, ஏ.எம்.டி. என்று நிறுவனத்தின் பெயரும் மாடலும் தெளிவாக இருந்தால், டிரைவர் பதியப்பட்டுள்ளது. பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

* மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால், உண்மையான டிரைவர் இல்லை. எங்கள் வீட்டு விண்டோஸ் 7ல் ஸ்டாண்டர்ட் விஜிஏ என்று இருந்ததும் இதுவேதான். படி 4க்குச் செல்லவும்.

* மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறி இருந்தால், அந்தப் பெயரின் மேல் இருமுறை கிளிக் செய்யவும். ஜெனரல் என்ற பிரிவில் ஒரு கோட் எண் இருக்கும். 28 என்றால் டிரைவர் பதியப்படவில்லை. 43 என்றால் சாதனமே கோளாறு என்று சொல்லியதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. 43 வந்தவுடன் கார்டு எரிந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். டிரைவர் கெட்டிருந்தாலும் இந்த எண் வரும். படி 5ஐச் செய்து பார்த்த பின்னரே கார்டைச் சந்தேகிக்கலாம்.

படி 3: கார்டுக்கு அந்தத் திறன் உண்டா?

விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தவும். கிடைக்கும் சிறிய கட்டத்தில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றி அடித்து என்டர் தட்டவும். டைரக்ட் எக்ஸ் சோதனைக் கருவி திறக்கும். இது விண்டோஸுடனேயே வருவது. தனியாக எதையும் டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை.

இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் பக்கத்தில் டைரக்ட் எக்ஸ் வெர்ஷன் 12 என்று இருக்கும். "கேம் கேட்பது 11தானே, நம்மிடம் 12 இருக்கிறதே" என்று நினைப்போம். அந்த 12 விண்டோஸின் வெர்ஷன். கார்டின் திறன் அல்ல. கார்டின் திறனை அறிய டிஸ்ப்ளே பிரிவுக்குச் சென்று, பீச்சர் லெவல்ஸ் என்ற வரியைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 2011ல் வந்த இன்டெல் ஹெச்.டி. 3000 கிராபிக்ஸ் உள்ள கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 போட்டால் முதல் பக்கத்தில் 12 என்றே காட்டும். ஆனால் அந்தக் கிராபிக்ஸின் பீச்சர் லெவல் 10.1 வரைதான். 11 கேட்கும் கேம் அதில் ஓடாது. எந்த டிரைவரைப் போட்டாலும் ஓடாது.

இதைத் தெரிந்துகொள்வதும் லாபம்தான். கேமின் அட்டையிலோ விற்பனைப் பக்கத்திலோ குறைந்தபட்சத் தேவை, பரிந்துரைக்கப்படும் தேவை என்று இரண்டு பட்டியல்கள் இருக்கும். குறைந்தபட்சத் தேவைக்குக் கீழே உங்கள் கார்டு இருந்தால், டிரைவரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதே பக்கத்தில் கீழே நோட்ஸ் என்ற கட்டமும் உண்டு. கருவி ஏதேனும் குறையைக் கண்டுபிடித்திருந்தால் அங்கே எழுதியிருக்கும்.

படி 4: டிரைவரை எங்கே பெறுவது?

லேப்டாப் என்றால் முதலில் அந்த லேப்டாப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், சப்போர்ட் பகுதியில் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். டெஸ்க்டாப் என்றால் இன்டெல், என்விடியா, ஏ.எம்.டி. ஆகியவற்றின் சொந்தத் தளங்களுக்குச் செல்லுங்கள். தேடுதளத்தில் டிரைவர் என்று அடித்தால் முதலில் வருவது பல சமயம் விளம்பரம். "உங்கள் கம்ப்யூட்டரில் 27 டிரைவர்கள் பழையவை" என்று பயமுறுத்திப் பணம் கேட்கும் புரோகிராம்களை நம்ப வேண்டாம். டிரைவருக்கு இந்த மூன்று நிறுவனங்களும் பணம் வாங்குவதில்லை.

என்விடியா தளத்தில் கேம் ரெடி, ஸ்டூடியோ என்று இரண்டு வகை இருக்கும். விளையாடுபவர்கள் கேம் ரெடியைத் தேர்ந்தெடுக்கவும். ஏ.எம்.டி. தளத்தில் பரிந்துரைக்கப்பட்டது, ஆப்ஷனல் என்று இருந்தால், பரிந்துரைக்கப்பட்டதே புதியவர்களுக்கு நல்லது. பைல் பல நூறு எம்.பி. அளவில் இருக்கும். மொபைல் டேட்டாவில் இறக்குபவர்கள் மீதம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கார்டுகளுக்கும் என்றென்றும் புதிய டிரைவர் வந்துகொண்டிருக்காது. என்விடியா 2016ல் வெளியிட்ட ஜி.டி.எக்ஸ். 10 வரிசைக்கான வழக்கமான கேம் ரெடி டிரைவர்களை 2025 அக்டோபருடன் நிறுத்தியது. அதன் பின் 2028 அக்டோபர் வரை பாதுகாப்புக்கான மேம்பாடுகள் மட்டும் என்று அறிவித்துள்ளது. உங்கள் கார்டின் பெயரைத் தளத்தில் கொடுத்தால், அதற்குரிய கடைசி டிரைவர் கிடைக்கும். அதற்கு மேற்பட்ட வெர்ஷனை வலிய பதிய முயலாதீர்கள்.

டவுன்லோட் ஆனதும், திறந்திருக்கும் மற்ற புரோகிராம்களை மூடிவிட்டு இன்ஸ்டால் செய்யவும். திரை ஓரிரு முறை கறுப்பாகி மீண்டும் வரும். பயப்பட வேண்டாம். மின்சாரத்தை மட்டும் நடுவில் துண்டித்துவிடாதீர்கள். முடிந்ததும் ரீ ஸ்டார்ட் செய்து கேமைப் போட்டுப் பாருங்கள்.

படி 5: டிரைவர் இருந்தும் கோளாறா?

நேற்று வரை ஓடிய கேம், டிரைவரை அப்டேட் செய்த பின் ஓடவில்லை என்றால், பழைய டிரைவருக்கே திரும்பலாம். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் மேல் இருமுறை கிளிக் செய்து, டிரைவர் என்ற பிரிவில் ரோல் பேக் டிரைவர் பட்டனைத் தட்டவும். அது மங்கலாக இருந்தால், திரும்புவதற்குப் பழைய டிரைவர் இல்லை என்று பொருள்.

அதிலும் சரியாகவில்லை என்றால், இருப்பதைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும். முன்பு வேறு நிறுவனத்தின் கார்டு வைத்திருந்தவர்களுக்கும் இது நல்லது. என்விடியா இன்ஸ்டாலரில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்தால், கிளீன் இன்ஸ்டலேஷன் என்ற கட்டம் கிடைக்கும். அதில் டிக் செய்தால் பழைய அமைப்புகள் நீக்கப்பட்டுப் புதிதாகப் பதியப்படும். ஏ.எம்.டி. தன் தளத்தில் கிளீன்அப் யுடிலிட்டி என்ற தனிக் கருவியைத் தருகிறது. டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசப் புரோகிராமும் உண்டு. இது மூன்று நிறுவனங்களின் டிரைவர்களையும் நீக்கும். இதை சேப் மோடில் இயக்குவது நல்லது. ஷிப்ட் கீயை அழுத்தியபடி ரீ ஸ்டார்ட் கொடுத்து, டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று சென்று ரீ ஸ்டார்ட் செய்து 4ஐ அழுத்தினால் சேப் மோட் கிடைக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, புதிய டிரைவரை டவுன்லோட் செய்து வைத்துக்கொண்ட பிறகே பழையதை நீக்குங்கள். இரண்டாவது, நீக்கும்போது இணைய இணைப்பைத் துண்டித்து வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பதிவதற்குள் விண்டோஸ் அப்டேட் தானாகவே வேறொரு டிரைவரைப் போட்டுவிடலாம்.

விளையாட்டின் நடுவில் திரை உறைந்தால், கம்ப்யூட்டரை அணைக்கும் முன் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். பல சமயம் திரை உயிர் பெற்றுவிடும்.

படி 6: இன்னும் இரண்டு இடங்கள்

பல லேப்டாப்களில் இரண்டு கிராபிக்ஸ்கள் உண்டு. பேட்டரியை மிச்சப்படுத்தும் சிறியது ஒன்று, விளையாட்டுக்கான பெரியது ஒன்று. கேம் சிறியதில் ஓட முயன்றால் தடுமாறும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று சென்று, கேமைப் பட்டியலில் சேர்த்து, ஹை பெர்பார்மன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். சார்ஜரைச் செருகியே விளையாடுங்கள்.

அடுத்தது, காணாமல் போன டி.எல்.எல். பைல். டி3டிஎக்ஸ்9_43 என்பதுபோல ஒரு பெயர் வந்தால், அது பழைய டைரக்ட் எக்ஸ் துணைப் பைல். விண்டோஸ் 10, 11ல் அது இயல்பாக இருப்பதில்லை. மைக்ரோசாப்ட் தளத்தில் டைரக்ட் எக்ஸ் எண்ட் யூசர் ரன்டைம், ஜூன் 2010 என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பதிந்தால் போதும். இருக்கும் டைரக்ட் எக்ஸ் 12க்கு எந்தப் பாதிப்பும் வராது. டி.எல்.எல். பைல்களைத் தனித்தனியாக ஏதோ ஒரு தளத்திலிருந்து எடுத்துப் போடாதீர்கள். வைரஸ் வீட்டுக்குள் நுழைய அது ஒரு சுலபமான வழி.

கடைசியாக, பார்மட்

இத்தனையும் செய்து, கேமின் தேவைக்கு உங்கள் கார்டு போதுமானதாக இருந்தும் ஓடவில்லை என்றால், கார்டைத் தெரிந்தவர் கம்ப்யூட்டரில் போட்டுச் சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸை மீண்டும் பதிவதைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம். அப்போதும் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கு போல்டர்களையும் பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். காப்பி செய்த பைல்களில் சிலவற்றை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் "இதில் உங்களுடையது ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். அன்று நான் கேட்காத கேள்வி இதுதான்.

அப்பா இப்போதும் கம்ப்யூட்டரில்தான் கணக்கு எழுதுகிறார். சனிக்கிழமை இரவு கடை மூடியதும் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து, கல்லாப் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறார். நோட்டையும் விடவில்லை. நான் ஊருக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால், "என்னடா, கேமா?" என்று மட்டும் கேட்பார்.